பல குரல், ஒரே ஒலிபெருக்கி

1976 ஜூலை. புதுடெல்லியில் ஒரு மாநாடு. அணிசேரா நாடுகளின் அமைச்சர்களும் செய்தி நிறுவனத் தலைவர்களும் வந்து அமர்ந்திருக்கிறார்கள். தொடங்கி வைப்பவர் பிரதமர் இந்திரா காந்தி. விருந்தோம்புபவர் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் வி.சி. சுக்லா. நோக்கம் உத்தமமானது. உலகச் செய்தியெல்லாம் நாலைந்து மேலைநாட்டு நிறுவனங்களின் பிடியில் கிடக்கிறது, மீட்க வேண்டும். ஏழை நாட்டின் கதையை ஏழை நாடே சொல்ல வேண்டும். அதற்காக அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனங்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேரும். ஒப்புதல் கிடைத்தது. கைத்தட்டல்.

அப்போது இந்தியாவில் நெருக்கடி நிலைக்கு ஒரு வயது நிறைந்திருந்தது.

முந்தைய ஆண்டு ஜூன் 25 இரவு, இதே டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறுநாள் காலை பல பத்திரிகைகள் வாசலுக்கு வரவில்லை. பிறகு தணிக்கை வந்தது. 1976 பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ., இந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி என்ற நான்கு செய்தி நிறுவனங்களையும் பிசைந்து 'சமாச்சார்' என்று ஒரே உருண்டையாக்கினார்கள். காங்கிரஸ் விழாவில் பாட மறுத்த கிஷோர் குமார் ஆகாசவாணியில் ஊமையாக்கப்பட்டார். நாலு நிறுவனம் உலகச் செய்தியை ஆள்வது அநியாயம். ஒரே நிறுவனம் இந்தியச் செய்தியை ஆள்வது ஒழுங்கு. இந்தக் கணக்கு புரியாதவர்கள் சிறையில் இருந்தார்கள்.

சிறையில் இருப்பவர்கள் யார் என்பதை அச்சிடவும் தடை. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். கட்சிக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்றைய முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணாவின் நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்களின் பெயர்கள். அவ்வளவுதான். கைது என்ற சொல் எங்கும் இல்லை. வாசகனுக்குப் புரிந்துவிட்டது. தணிக்கை அதிகாரிக்குப் புரிவதற்குள் பத்திரிகை வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. தகவல் தொடர்பியல் பாடநூல்களில் அம்புக்குறி போட்ட வரைபடங்கள் நிறைய உண்டு. அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், இடையில் இரைச்சல் என்று. இரைச்சலே அரசாங்கமாக இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு வரைபடம் கிடையாது. அந்தப் பட்டியலைப் போட்டிருக்கலாம்.

கொதிப்பு எதற்கென்றால், டெல்லியில் கூடியவர்கள் சொன்ன புகார் முழுக்க உண்மை.

1870இல் லண்டன் ராய்ட்டர், பாரிஸ் ஹவாஸ், பெர்லின் வுல்ஃப் ஆகிய மூன்று நிறுவனங்களும் உலக வரைபடத்தை விரித்து வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டன. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ராய்ட்டருக்கு. பிரான்சும் அதன் தென் ஐரோப்பிய அண்டை நாடுகளும் ஹவாஸுக்கு. ஜெர்மனியும் வடக்கும் வுல்ஃபுக்கு. இந்தியாவில் பஞ்சம் வந்தால் அது பஞ்சமா பற்றாக்குறையா என்று தீர்மானிக்கும் உரிமை லண்டனில் ஒரு மேசையில் இருந்தது. பஞ்சத்தில் செத்தவனிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து உரத்துக் கத்திய ஆள் யார் தெரியுமா? அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனப் பொது மேலாளர் கென்ட் கூப்பர். அமெரிக்காவைப் பற்றி ராய்ட்டர் வெளியுலகுக்கு அனுப்புவதெல்லாம் செவ்விந்தியர் சண்டையும், தெற்கில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிடுவதும், விசித்திரக் கொலைகளும்தான் என்று அவர் புலம்பினார். எங்கள் நாட்டில் வேறொன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டார். 1934இல் அந்தப் பிடி உடைந்தது. 1942இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நியாயமான கோபம். முப்பது ஆண்டு கழித்து ஆசியாவும் ஆப்பிரிக்காவும் லத்தீன் அமெரிக்காவும் கிட்டத்தட்ட அதே வாக்கியங்களைச் சொல்லி அழுதன: எங்களைப் பற்றி வெள்ளமும் பஞ்சமும் ராணுவப் புரட்சியும் மட்டும்தான் செய்தியா? அமெரிக்காவின் பதில்: இது பத்திரிகைச் சுதந்திரத்தின் மீதான தாக்குதல்.

அமெரிக்கன் சொன்னால் சுதந்திரப் போராட்டம். ஆப்பிரிக்கன் சொன்னால் தணிக்கை.

இடையில் பேராசிரியர்கள் வந்தார்கள். நவீனமாவது எப்படி என்று ஏழை நாடுகளுக்குக் கற்றுத்தர டேனியல் லெர்னர் 1958இல் மத்தியக் கிழக்கைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். துருக்கியில் அங்காரா அருகே பால்காட் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு மளிகைக்கடைக்காரர். அவருக்கு வானொலி பிடிக்கும், சினிமா பிடிக்கும், அமெரிக்கா போக ஆசை. ஆகவே அவரே வருங்காலத்தின் மனிதர். ஊடகம் ஆசையைத் தூண்டும், ஆசை மனிதனை நகர்த்தும், நாடு முன்னேறும். இந்த ஆய்வுக்கான தரவு எப்படி வந்தது? அமெரிக்க அரசின் பிரச்சார வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை அங்கே யார் கேட்கிறார்கள் என்று 1950 வாக்கில் எடுத்த நேயர் கணக்கெடுப்பிலிருந்து. கடைக்காரன் தன் வாடிக்கையாளரை எண்ணினான். எண்ணிக்கைக்கு நவீனமயக் கோட்பாடு என்று பெயர் வைத்தார்கள். நம் பல்கலைக்கழகங்களில் அதற்கு இன்றும் பத்து மதிப்பெண் உண்டு.

1956இல் சீபர்ட், பீட்டர்சன், வில்பர் ஷ்ராம் மூவரும் உலகப் பத்திரிகைகளையெல்லாம் நான்கு டப்பாவில் அடைத்தார்கள்: அதிகாரவாதம், தாராளவாதம், சமூகப் பொறுப்பு, சோவியத் பொதுவுடைமை. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் எந்த டப்பா? தனி டப்பா இல்லை. இருக்கிற நாலில் ஒன்றுக்குள் கையைக் காலை மடக்கி நுழைந்துகொள்ள வேண்டியதுதான். மூன்றாவது டப்பாவின் பிறப்பு ரசமானது. பத்திரிகைச் சுதந்திரத்தை ஆராய ஹட்சின்ஸ் குழுவுக்கு 2 லட்சம் டாலர் கொடுத்தவர் டைம் பத்திரிகை அதிபர் ஹென்றி லூஸ். பத்திரிகை முதலாளிகளுக்குச் சமூகப் பொறுப்பு வேண்டும் என்று 1947இல் அறிக்கை வந்தது. பணம் கொடுத்தவருக்கு அது ருசிக்கவில்லை.

நம்மீதும் பரிசோதனை நடந்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசா ஓராண்டுக்கு இரவல் கொடுத்த ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். பயிர், பசு, குடும்பக் கட்டுப்பாடு, சுத்தம். பொறியாளர்கள் செய்தது உண்மையிலேயே சாதனை; அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். விண்வெளியிலிருந்து உரம் போடக் கற்றுக்கொண்ட விவசாயிக்கு, தன் தொகுதி எம்.பி. எந்தச் சிறையில் இருக்கிறார் என்று சொல்ல அந்தப் பெட்டியில் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. ஆண்டு முடிந்தது. நாசா கோளை நகர்த்திக்கொண்டது.

சரி, நடுநிலையாக யாரையாவது கேட்போம் என்று யுனெஸ்கோ ஒரு குழு போட்டது. தலைவர் அயர்லாந்தின் ஷான் மெக்பிரைட். இளமையில் ஐ.ஆர்.ஏ.வின் தளபதி, பின்னர் வெளியுறவு அமைச்சர், 1974இல் அமைதிக்கான நோபல் வாங்கியவர், சோவியத்திடம் லெனின் பரிசும் வாங்கியவர். இரண்டு முகாமும் மாலை போட்ட அபூர்வப் பிறவி. பதினாறு உறுப்பினர்களில் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் ஒருவர். இந்தியாவிலிருந்து பி.ஜி. வர்கீஸ். அரசை விமர்சித்து எழுதி, 1975இல் ஹிந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியர் நாற்காலியை இழந்தவர். அரசின் கோபம், முதலாளியின் கையெழுத்து என்ற இரண்டையும் ஒரே கடிதத்தில் பார்த்த மனிதர். பொருத்தமான தேர்வுதான்.

1980இல் அறிக்கை வந்தது. தலைப்பு: பல குரல்கள், ஒரே உலகம். 82 பரிந்துரைகள். தணிக்கை தவறு என்றது. வணிக ஏகபோகமும் தவறு என்றது. பத்திரிகையாளருக்கு அரசு உரிமம் வழங்குவதை ஏற்க மறுத்தது. இரு தரப்பையும் கண்டித்ததால் இரு தரப்புக்கும் பிடிக்கவில்லை. மேலைப் பத்திரிகைகளோ, யுனெஸ்கோ உலக நிருபர்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கப் போகிறது என்று எழுதின. அறிக்கை அதற்கு நேர்மாறாகச் சொன்னது சின்ன எழுத்தில்கூட வரவில்லை. செய்தி ஒருதலைப்பட்சமாகப் பாய்கிறது என்ற அறிக்கையைப் பற்றிய செய்தியும் ஒருதலைப்பட்சமாகவே பாய்ந்தது. இதைவிட நேர்த்தியாக அந்த அறிக்கையை யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

1984 கடைசியில் அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டு வெளியேறியது. நிர்வாகச் சீர்கேடு என்றும் காரணம் சொன்னது. சீர்கேடு இருந்தது. ஏழை நாடுகளின் பெயரால் வாங்கிய பணத்தைப் பாரிஸ் தலைமையகமே விழுங்குகிறது என்ற புகாரைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் நிதியில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவர் கையை உதறியதும், ஏழை நாடுகள் கேட்ட 'புதிய தகவல் ஒழுங்கு' என்ற பேச்சே அடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு பிரிட்டனும் போயிற்று. பிரிட்டன் 1997இல் திரும்பி வந்தது. அமெரிக்கா 2003இல் வந்தது, 2018இல் போனது, 2023இல் வந்தது, 2025இல் மறுபடி போவதாக அறிவித்தது. கருத்துச் சுதந்திரத்தின் மீது இவ்வளவு காதல் இருந்தால் ஒரு இடத்தில் உட்கார முடியாதுதான்.

அரசின் கை படாத செய்தி என்று நமக்குப் பாடம் எடுத்த பிரிட்டனின் ரகசியக் கோப்புகள் 2020இல் வெளிவந்தன. 1960களின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் மத்தியக் கிழக்கு, லத்தீன் அமெரிக்கச் சேவைகளுக்காக ராய்ட்டருக்கு பிரிட்டிஷ் அரசு ரகசியமாகப் பணம் தந்திருக்கிறது. வெளியே தெரியாமல் இருக்க அதை பி.பி.சி. வழியாகச் சுற்றி அனுப்பியிருக்கிறது. ஏழை நாடு செய்தி நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தால் பிரச்சாரம். லண்டன் கொடுத்தால் சந்தா.

அணிசேராக் கூட்டமைப்பு என்ன ஆயிற்று? நடந்தது, ஒரு மாதிரி. அமைச்சர் புறப்பட்டார், அமைச்சர் சேர்ந்தார், அமைச்சர் அடிக்கல் நாட்டினார். பஞ்சத்தையும் புரட்சியையும் தவிர எங்களிடம் வேறு கதையில்லையா என்று கேட்டவர்கள், தங்கள் முறை வந்தபோது ரிப்பன் வெட்டும் கதையை அனுப்பினார்கள். பெரும்பாலான பத்திரிகைகள் அதைச் சீண்டவில்லை. நம் ஊர் ஆசிரியர்களும் ராய்ட்டரையே போட்டார்கள். குற்றம் சொல்ல முடியுமா?

சந்தையின் உண்மைக்கும் ஒரு மாதிரி பார்த்துவிடுவோம். 1990 அக்டோபர் 10. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன் 15 வயது குவைத் சிறுமி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். இராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் இன்குபேட்டரிலிருந்த பச்சைக் குழந்தைகளைத் தரையில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றாள். அதிபர் புஷ் திரும்பத் திரும்பச் சொன்னார். தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. 1991 ஜனவரியில் செனட் 52க்கு 47 என்று இராக் மீதான போருக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தச் சிறுமி அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், சாட்சியத்தை ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் என்பதும் 1992இல் வெளியே வந்தன. போர் முடிந்து புதைத்தும் ஆகியிருந்தது. தணிக்கை அதிகாரி ஒருவர்கூடத் தேவைப்படவில்லை. பில் போட்டார்கள், பணம் வாங்கினார்கள், சுதந்திரமாகப் பொய் சொன்னார்கள்.

உலகம் ஒரு கிராமமாகிவிட்டது என்றார் மார்ஷல் மெக்லூஹன். தேர்வில் எழுதினால் மதிப்பெண் உண்டு. 2008 செப்டம்பரில் வன்னியை விட்டு வெளியேறுமாறு ஐ.நா.வுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இலங்கை அரசு உத்தரவிட்டது. வெளியேறினார்கள். சுதந்திரமான நிருபர்களுக்கு உள்ளே இடமில்லை. கேமரா போகாத கடற்கரையில் 2009 மே வரை குண்டு விழுந்தது. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011இல். எந்த நாட்டுச் சாவு செய்தியாகும், எது ஆகாது என்பதற்கு கால்டுங், ரூகே என்ற இரு ஆய்வாளர்கள் 1965லேயே விதிகளை எழுதிவிட்டார்கள்: வல்லரசு நாடாக இருக்க வேண்டும், பெரிய மனிதராக இருக்க வேண்டும், வாசகனின் பண்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் இருந்தவர்களுக்கு இதில் ஒரு தகுதியும் இல்லை. கிராமம்தான். அந்தத் தெருவுக்கு மட்டும் விளக்குப் போடவில்லை.

பிறகு இணையம் வந்தது. இனி எல்லோரும் அனுப்புநர், எல்லோரும் பெறுநர் என்றார்கள். மியான்மரில் பேஸ்புக்தான் இணையம் என்று ஆனது. ரோஹிங்கியாக்களைக் கொல்லச் சொல்லும் பதிவுகள் அதில் குவிந்தன. 2015 தொடக்கத்தில் அவற்றைக் கண்காணிக்க பர்மிய மொழி தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் இரண்டு பேர். விளம்பரம் விற்க மொழி தடையாக இருக்கவில்லை. படுகொலைகளுக்குப் பிறகு, 2018இல், போதுமான அளவு செய்யவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. யாரும் சிறைக்குப் போகவில்லை. பங்கு விலை பார்த்துக்கொண்டார்கள்.

அதே நிறுவனம் 2015இல் இந்திய ஏழைகளுக்கு இலவச இணையம் தருவேன் என்று புறப்பட்டது. பெயர் ஃப்ரீ பேசிக்ஸ். எந்தெந்தத் தளம் அதில் இருக்கலாம் என்பதைக் கம்பெனியின் கதவு தீர்மானிக்கும். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேட்ட கேள்வி ஒன்று. பயனர்கள் பெயரில் லட்சக்கணக்கில் வந்து குவிந்த ஆயத்தக் கடிதங்கள் சொன்ன பதில் வேறொன்று. 2016 பிப்ரவரியில் டிராய் தடை போட்டது. தேசமே மார்தட்டியது. ஏழைக்கான இணையத்தைக் கம்பெனி பொறுக்கித் தருவதாவது!

நாலே ஆண்டு. 2020 ஜனவரியில் காஷ்மீரிகளுக்கு இணையத்தை அரசு பொறுக்கித் தந்தது. முந்தைய ஆகஸ்டிலிருந்து அடைத்து வைத்திருந்ததைத் திறந்து, 2ஜி வேகத்தில், அனுமதித்த 301 தளங்களை மட்டும் பார்க்கலாம் என்றது. உலகில் இருக்கும் கோடிக்கணக்கான தளங்களில் 301. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். கம்பெனி பட்டியல் போட்டால் காலனியாதிக்கம். சர்க்கார் பட்டியல் போட்டால் தேசபக்தி. 1976 மாநாட்டுக் கணக்கேதான், கால்குலேட்டர் மட்டும் புதுசு.

முதலாளிகள் கணக்கு தனி. 2009 தேர்தலில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக அச்சிட்டதைப் பற்றி விசாரிக்க இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டது. அவர்கள் நிஜமாகவே விசாரித்துவிட்டார்கள். அதுதான் பிழை. எந்தப் பத்திரிகை என்ன செய்தது என்று பெயரோடு 71 பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். 2010இல் கவுன்சில் அதைப் பரணில் போட்டுவிட்டு, பெயரெல்லாம் உதிர்ந்த ஒரு சுருக்கத்தை வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவர 2011இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. பத்திரிகைகளைப் பற்றிய உண்மையை வெளியே கொண்டுவர, பத்திரிகைகளின் காவலனிடம் தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்ட வேண்டும். எந்தப் பத்திரிகையும் கறுப்புக் கட்டம் போட்டு ஆசிரியவுரை எழுதவில்லை.

வானலைகள் மக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு. பிறகு மக்களின் சொத்தை ஏலம் போட்டார்கள். ஏலம் எடுத்த தனியார் எஃப்.எம். நிலையம் உங்களுக்குப் பாட்டுப் போடலாம், தொலைபேசியில் காதலர்களைச் சேர்த்து வைக்கலாம், நகைக்கடையின் செய்கூலி சேதாரத்தை நாள் முழுக்கக் கத்தலாம். சொந்தமாகச் செய்தி மட்டும் சொல்லக் கூடாது. கிராமத்துச் சமுதாய வானொலிக்கும் கிட்டத்தட்ட இதே கதி. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை வாங்கி, ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒலிபரப்பலாம்.

ஆனாலும் அரசுக்கு இரக்கம் உண்டு. எவையெல்லாம் செய்தி ஆகாது என்று 2011 கொள்கையில் விலக்குகள் கொடுத்திருக்கிறார்கள். போக்குவரத்து நெரிசலைச் சொல்லலாம். வானிலை சொல்லலாம். தேர்வு முடிவு சொல்லலாம். உள்ளாட்சி நிர்வாகம் கொடுக்கும் மின்சார, குடிநீர் அறிவிப்புகளையும் வாசிக்கலாம். ஆக, நாளைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் வராது என்று அந்த அறிவிப்பாளர் தேனொழுகச் சொல்ல எந்தத் தடையும் இல்லை. ஏன் வராது என்று சொன்னால் லைசென்ஸ் போய்விடும்.